கழிவில் கேட்ட காம்போதி: 22 கேசட், ஒரு நாயனம், மூன்று மென்பொருள்

கும்பகோணத்தில் நான் நடத்துவது சின்ன ஸ்டூடியோ. பத்துக்குப் பன்னிரண்டு அறை, சுவர் முழுக்கத் தென்னைநார் மெத்தை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றும் ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாலு பாட்டை வெட்டி ஒட்டிய நடனப் பாட்டு, கும்பாபிஷேக அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி அறிவிப்பு. இவைதான் சோறு போடுகின்றன. ஆடியில் கல்யாணம் கிடையாது, விளம்பரமும் குறைவு. அப்படி ஒரு ஆடியில்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, பிஸ்கட் டின்னில் 22 கேசட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"அப்பாவோட வாசிப்புங்க. கஜாவுல நனைஞ்சிடுச்சு. கேக்குற மாதிரி ஆக்கித் தர முடியுமா?"

அப்பா நாயன வித்வான், இப்போது இல்லை. 1988-லிருந்து 1996 வரை உறவுக்காரர் ஒருவர் கச்சேரிக்குக் கச்சேரி கூடவே போய்ப் பதிந்து வைத்தவை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்து, பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. வெயிலில் காயவைத்து அப்படியே மூடி வைத்திருக்கிறார்கள்.

'முடியும்' என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு இரண்டரை மாதம் ஆனது. அதில் பாதி நாள், நாங்களே செய்த தப்பைத் திருத்துவதில் போனது. இந்தப் பக்கம் பழைய மேளக் கச்சேரி கேசட் இல்லாத தெருவே கிடையாது என்பதால், அடுத்து இதில் இறங்குகிறவருக்கு அந்தத் தப்புகளாவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கேசட்டுகளின் நிலை

பதினெட்டு சி-60 (ஒரு மணி நேரம் ஓடுவது), நாலு சி-90 (ஒன்றரை மணி). மொத்தம் 24 மணி நேரம். டேப் சுருளின் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் பூசணம். நாலைந்தில், டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. திருகாணி இல்லாமல் ஒட்டிய கேசட் ஓடுகளை விளிம்பில் கத்தி வைத்துப் பிளந்து, டேப்பை மட்டும் எடுத்துத் திருகாணி ஓட்டுக்கு மாற்றினோம். பூசணத்தை வாசலில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தோம். அறைக்குள் துடைத்தால் டெக்கும் நுரையீரலும் சேர்ந்து கெடும்.

டெக் பழையது. பெல்ட் மாற்றி, 3150 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட்டைப் போட்டு அதன் வேகத்தைச் சரிபார்த்த பிறகுதான் முதல் கேசட்டைத் தொட்டோம். அப்புறம் அசிமுத், அதாவது ஹெட் நிற்கும் கோணம். ஹெட்டின் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு திருகாணி இருக்கும். ஹெட் டேப்புக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பதிந்த ரெக்கார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ, அதே கோணத்துக்கு நம் ஹெட்டும் சாய வேண்டும். இதற்கு மீட்டர் தேவைப்படவில்லை, தாளம் போதும். நாயனம், தவிலுக்கு நடுவே அந்த வெண்கலத் தாளம் முதலில் 'தப்' என்று மந்தமாகக் கேட்கும். திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் 'ணிங்' என்று கண் திறக்கும். இன்னும் திருப்பினால் மறுபடி மூடிக்கொள்ளும். கண் திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும், சிலவற்றில் பக்கத்துக்குப் பக்கமும் செய்தோம். எந்த மென்பொருளும் பின்னால் இதைச் செய்து தராது. ஹெட் எடுக்காத ஒலி கோப்பில் கிடையவே கிடையாது.

எல்லாமே மோனோ ரெக்கார்டரில் பதிந்தவை. ஸ்டீரியோ டெக்கில் ஓட்டினால் இரண்டு தடமாக வரும். இரண்டையும் கூட்டி ஒன்றாக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கூட்டினால் துல்லியம் போய்விடும், இரண்டு தடத்துக்கும் நடுவே உள்ள நூலிழைத் தாமதம் மேல்சுரங்களைத் தின்றுவிடும். எந்தத் தடம் சுத்தமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரண்டு தடமும் சேர்த்து மணிக்கு 2 ஜிபி சொச்சம், மொத்தம் 50 ஜிபி. கை வைக்காத இந்தக் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் பூட்டி வைத்தோம். இந்த வேலையில் முழு புத்தியோடு செய்த காரியம் இது ஒன்றுதான்.

சட்ஜத்தில் ஓட்டை

மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான், என் உதவிப் பையன், மயிலாடுதுறையில் இதே தொழில் செய்யும் நண்பர். ஆளுக்கு ஒரு மென்பொருள். எது எந்தக் கோளாறைச் செய்தது என்று பெயர் சொல்லப் போவதில்லை. கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, அதைப் பிடித்த கையில்தான்.

முதல் கேசட், ஒரு கோயில் மண்டபக் கச்சேரி. காம்போதி ராக ஆலாபனை. டேப்பின் 'உஸ்' இரைச்சல் பலமாக இருந்தது. இரைச்சல் நீக்க எல்லா மென்பொருளிலும் வழி ஒன்றுதான். வாசிப்பு இல்லாத இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல், பார்த்துக்கொள்' என்று காட்ட வேண்டும். அது அந்த ஒலியின் அங்க அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, கோப்பு முழுக்கத் தேடித் தேடி அமுக்கும். வித்வான் மூச்சு விட்ட இரண்டு விநாடியை நான் காட்டினேன். கேட்டுப் பார்த்தேன், இரைச்சல் போயே போய்விட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மகன் வந்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேல போறப்ப நல்லாருக்குங்க. ஆனா அப்பா சட்ஜத்துல வந்து நிக்கிறப்ப, காத்து இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு. அவரு அப்படி நிக்க மாட்டாரு." சட்ஜம் என்பது எல்லாச் சுரத்துக்கும் ஆதாரமான 'ச'.

எடுத்துப் போட்டதை மட்டும் தனியாகக் கேட்க இந்தக் கருவிகளில் ஒரு வசதி உண்டு. ஆடாசிட்டியில் அதற்கு 'ரெசிட்யூ' என்று பெயர். அதுவரை நான் அதை அழுத்தியதே இல்லை. கடலை உரிக்கிறவன் தொலியை ஏன் பார்க்கப் போகிறான்? அன்றைக்கு அழுத்தினேன். 'உஸ்' என்று காற்று, அதற்கு நடுவே மெல்லியதாக, தூரத்துத் தெருவில் வாசிப்பதுபோல, காம்போதி. சட்ஜத்தில் நிற்கும் இடமெல்லாம், பஞ்சமத்தில், அதாவது 'ப'-வில், நிற்கும் இடமெல்லாம் கழிவுக்குள் கிடந்தது.

காரணம் பிடிபட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வித்வான் மூச்சு விட்டாலும், கூடவே விடாமல் சுதி ஒலிக்கும் சுதிப்பெட்டி மூச்சு விடாது. நான் 'இரைச்சல்' என்று காட்டிய இரண்டு விநாடியில் சுதிப்பெட்டி சட்ஜமும் பஞ்சமமுமாக ஒலித்துக்கொண்டிருந்தது. மென்பொருள் சொன்னதைச் செய்தது. சட்ஜம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அமுக்கியது. பேச்சைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. இந்தக் கருவிகளுக்கான பாட வீடியோக்கள் பெரும்பாலும் பேச்சை வைத்தே நடக்கும். 'பேசாத இடத்தைக் காட்டு' என்பார்கள். மேளக் கச்சேரியில் சும்மா இருக்கும் இடம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

இருக்கிறது, தேடினால். பதிவுப் பொத்தானை அழுத்தியதற்கும் சுதிப்பெட்டியைப் போட்டதற்கும் நடுவே மூன்று, நாலு விநாடி. யாரோ தொண்டையைச் செருமுவார்கள், ஜமக்காளம் இழுபடும், அதற்கிடையே ஒரு விநாடி சுத்தமான டேப் இரைச்சல் மாட்டும். 22-ல் 13 கேசட்டில் அப்படி ஒரு விநாடி அகப்பட்டது. அவற்றில் 6 டெசிபல் மட்டும் குறைத்தோம். மீதி ஒன்பதில் இரைச்சலைத் தொடவே இல்லை.

கரண்ட் போட்ட சுதி

அடுத்தது 'ம்ம்ம்' என்ற ஹம். உறவுக்காரர் மைக்செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒரு வயர் இழுத்து ரெக்கார்டரில் செருகியிருக்கிறார். அதனால் நாயனம் தெளிவு, கூடவே ஆம்ப்ளிஃபயரின் கரண்ட் ஹம்மும் இலவசம். இதற்கென்றே கருவி உண்டு. '50' என்று தேர்ந்தெடுத்தால் 50, 100, 150, 200 என்று வரிசையாக ஒவ்வொரு மடங்கிலும் ஒரு சன்னமான பள்ளம் வெட்டும்.

உதவிப் பையன் 50-ஐத் தேர்ந்தெடுத்தான். ஹம் அப்படியே இருந்தது. இன்னும் ஆழமாக வெட்டினான். அப்போதும் இருந்தது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு 50-ல் இல்லை, 51.6-ல் நிற்கிறது. எங்கள் ஸ்டூடியோ கரண்டோ என்று சந்தேகப்பட்டு டேப்பை நிறுத்திப் பார்த்தோம், கோடும் மறைந்தது. ஆக, டேப்பில் இருப்பதுதான்.

சரி, 51.6 என்று கையால் போட்டு, மடங்குகளைப் பன்னிரண்டு வரை நீட்டினான். ஹம் போனது. மறுபடியும் சட்ஜத்தில் ஓட்டை. இந்த முறை சுதிப்பெட்டியைக் காட்டவே இல்லையே என்று குழம்பிப் போனோம். கணக்குப் போட்டதும் விளங்கியது. 51.6-ஐ ஆறால் பெருக்கினால் 309.6. டேப்பில் நாயனத்தின் சட்ஜம் 311. ஒன்பதால் பெருக்கினால் 464.4. பஞ்சமம் 466.5. ஆறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள விகிதம்தான் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் என்பதால் ஒன்று மாட்டினால் இன்னொன்றும் மாட்டும். மின்வாரியத்துக் கரண்ட், நூலிழை இறக்கமாக, அந்த மண்டபத்தில் தானும் ஒரு ஒத்து, அதாவது துணைச் சுதி, பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது!

முதல் மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டோம். ஆறாவதும் ஒன்பதாவதும் நாயனத்துக்கு அடியிலேயே கிடக்கட்டும். வாசிப்பு நடக்கும்போது காதுக்குத் தெரியவில்லை.

ஆனால் 51.6 எங்கிருந்து வந்தது? நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அப்படியானால் டேப் 3.2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பதியும்போது ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. கோயிலில் ரெக்கார்டருக்கு யார் பிளக் தருவார்கள், டார்ச் செல் போட்டுத்தான் ஓட்டியிருப்பார். செல் இறங்கினால் மோட்டார் தளரும். எல்லாம் பொருந்தி வந்தது. 3.2 சதவீதம் மெதுவாக்கினோம். ஹம் கச்சிதமாக 50-ல் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் அவசரப்பட்டதற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பெரியவர்தான் காப்பாற்றினார்.

"இவ்வளவு ஓட்டம் எனக்குக் கிடையாது"

கேசட்டில் தவில் வாசித்தவர் இன்னும் இருக்கிறார். எண்பதை ஒட்டிய வயது. மகன் காரில் அழைத்து வந்தார். பெரியவர் ஹெட்ஃபோன் வேண்டாம் என்றார், ஸ்பீக்கரில் போட்டோம். தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவர் தனி ஆவர்த்தனம் வந்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"தம்பி, வாசிச்சது நான்தான். ஆனா இவ்வளவு ஓட்டம் எனக்குக் கிடையாது. காலப்பிரமாணம் எங்களுது இல்லையே."

"மெதுவாக்கித்தான் வச்சிருக்கோம் ஐயா."

"இன்னும் இழுக்கணும். அண்ணன் ரெண்டு கட்டை நாயனம்தான் வச்சிருந்தாரு. இது ரெண்டும் இல்லாம ரெண்டரையும் இல்லாம நடுவுல தொங்குது."

கட்டை என்பது சுதியின் அளவு. அவர் சொன்னது எண்ணிலும் சரியாக இருந்தது. நாங்கள் 'திருத்திய' கோப்பில் சட்ஜம் 301-ல் நின்றது. இரண்டு கட்டை ஏறக்குறைய 294, இரண்டரைக் கட்டை 311. நட்ட நடுவே.

அந்த நாயனம் வீட்டில் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் செய்த பாரி நாயனம், ஆச்சா மரம். மகன் மறுநாள் மூன்று சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் முனை) மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். சீவாளிக்குத் தக்கபடி சட்ஜம் 292-லிருந்து 297 வரை அசைந்தது. நாணலும் உமிழ்நீரும் சேர்ந்து பேசுகிற வாத்தியத்தில் அவ்வளவு அசைவு இருக்கும். நடுவாக 294 என்று வைத்துக்கொண்டால் டேப் 3.2 இல்லை, கிட்டத்தட்ட 5.8 சதவீதம் வேகம். அப்படித் திருத்தினால் ஹம் 50-ல் நிற்காமல் 48.8-க்கு இறங்கிவிடுகிறது.

அப்போதுதான் எனக்கு அந்தக் காலத்து டியூப்லைட் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் தென்மாநில மின்தொகுப்பு மாலை நேரத்தில் 50-ல் நின்ற நாள் அபூர்வம். தேவை ஏறினால் அதிர்வெண் 49-க்குக் கீழே போய்க் கிடக்கும். அதிர்வெண்ணைப் பொறுத்து மின்சார விலை மாறும் ஏற்பாடு 2003-ல் தெற்கே வந்த பிறகுதான் அது நிமிர்ந்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக வடக்கோடு இணைந்தபின் தேசம் முழுக்க ஒரே துடிப்பு. ஆக, மாலைக் கச்சேரியில் 48.8 என்பது அதிசயம் இல்லை, அன்றைக்கு இயல்பு. '50' என்று எழுதிய பொத்தான்தான் அந்த மண்டபத்தில் இல்லாத கரண்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. செல் போகப் போக இறங்கும் அல்லவா? அதனால் பக்கத்தின் ஆரம்பத்தில் 311-ல் இருந்த சட்ஜம் முடிவில் 313-ஐத் தொட்டது. இந்த நகர்வை ஹம்மை வைத்து அளக்க முடியாது, கரண்டும் தன் போக்கில் ஏறி இறங்கியிருக்கும். அசையாமல் ஒலித்த ஒன்று டேப்பில் இருந்தாக வேண்டும். இருந்தது: நான் முதல் நாள் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்த அதே சுதிப்பெட்டி. படத்தில் அது மெல்லிய கோடாக, பக்கம் முழுக்க லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து ஓடியது. அந்தச் சாய்வுக்கு எதிர்ச் சாய்வாக வேகத்தை வரைந்தோம். 30 நிமிஷப் பக்கம் 31 நிமிஷம் 44 விநாடியைத் தாண்டி நீண்டது.

பையன் முதலில் இதைச் சுதியை மட்டும் இறக்கும் கருவியால் செய்தான், நீளம் மாறக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில். அது ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி மறுபடி ஒட்டும் வித்தை. நாயனத்தில் தெரியவில்லை. தவிலில் ஒவ்வொரு அடியும் இரண்டாக விழுந்தது. டேப்பின் தவறு வேகத்தின் தவறு. சுதியும் நீளமும் சேர்ந்தே மாறியாக வேண்டும்.

பெரியவருக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். ஒன்றும் சொல்லவில்லை. கை தொடையில் கடைசி வரை நிற்காமல் போட்டுக்கொண்டே இருந்தது. அதற்குமேல் சான்றிதழ் வேண்டுமா என்ன.

மூன்று கருவி பற்றிக் கொஞ்சம்

எங்கள் பக்கம் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் கூல் எடிட் என்ற மென்பொருளில் கை பழகியவர்கள். 2003-ல் அதை அடோபி வாங்கி ஆடிஷன் ஆக்கியது. அப்போது என்னிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய பிரதி இல்லை என்பதை இப்போது சொல்லிவிடலாம். பையன் ரீப்பர்காரன், வின்ஆம்ப் செய்தவரின் கைவேலை, தனியாளுக்கு 60 டாலர். இப்போது நான் வைத்திருக்கும் ஆடாசிட்டி 2000-லிருந்து இலவசம். நண்பர் மயிலாடுதுறையில் வைத்திருப்பது பழைய பதிவுகளைச் சீர்செய்வதற்கென்றே உள்ள விலையுயர்ந்த தொகுப்பு.

அனுபவத்தில் கண்ட பெரிய வித்தியாசம் விலையில் இல்லை, மூலக் கோப்பைத் தொடுகிறதா இல்லையா என்பதில். ஒருவகை மென்பொருள் கோப்பையே மாற்றி எழுதும். இன்னொரு வகை மூலத்தைத் தொடாமல், செய்ததையெல்லாம் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும். நான் முதல் வகையில் வளர்ந்தவன். விரல் தானாகச் 'சேவ்' அழுத்தும். ஓட்டை விழுந்த காம்போதியை அப்படித்தான் மூலத்தின் பெயரிலேயே சேமித்துத் தொலைத்தேன். பூட்டி வைத்த 50 ஜிபி டிஸ்க் இல்லையென்றால் அந்தக் கேசட்டை மறுபடி ஓட்டியிருக்க வேண்டும், அது மறுபடி ஓடியிருக்குமா என்பது சந்தேகம்.

நண்பரின் விலையுயர்ந்த தொகுப்பும் ஒருநாள் எங்களை அலறவிட்டது. சொடுக்கு நீக்கும் கருவியை அதன் இயல்பு அளவிலேயே ஓட்டினார். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் ஓசையும், டேப்பில் தூசி விழும் ஓசையும் அதற்கு ஒன்றாகவே பட்டிருக்கின்றன. விரலடிகளின் முனையை அழகாக மழித்துவிட்டது. கேட்டால் தலையணையில் தவில் வாசித்த மாதிரி. அதன்பிறகு தூசியைக் கையால், ஒவ்வொன்றாகப் படத்தில் பார்த்துத்தான் துடைத்தார்.

அந்தப் படம் இன்னொன்றும் செய்தது. மகனின் பையன், பத்தாவது படிக்கிறான், நாயனம் கற்றுக்கொள்கிறான். ஒருநாள் கூட வந்தவன் திரையில் தாத்தாவின் காந்தாரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டான். காதில் ஒரே சுரமாகக் கேட்பது திரையில் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது. "இத்தனை தடவை அசைக்கிறாரா?" என்று விரலால் எண்ண ஆரம்பித்தான். வேலை அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்றது, நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கொடுத்ததும் கொடுக்காததும்

கை வைக்காத கோப்பு ஒரு தொகுதி, சீர்செய்தது ஒரு தொகுதி, காரில் கேட்க எம்பி3 ஒரு பென்டிரைவில். கோப்புகளுக்கு 'மல்லாரி', 'காம்போதி', 'தோடி' என்று தமிழில் ஆசையாகப் பெயர் வைத்தோம். கார் ஸ்டீரியோவில் அத்தனையும் கட்டம் கட்டமாக வந்தது. எண் போட்டு மறுபடி கொடுத்தோம்.

ஒரு கேசட்டில் ஆலாபனைக்கு நடுவே வேட்டு வெடிக்கிறது. ஒலி உச்சத்தில் முட்டித் தட்டையாகிவிட்ட இடம். நண்பர் பாடுபட்டு அதை எடுத்துவிட்டார், வெடித்த சுவடே இல்லை. மகன் கேட்டுவிட்டு, "வேட்டை அப்படியே வச்சிடுங்க. அதுக்கு அப்பா ஒரு விநாடி நிறுத்திட்டு, சிரிச்சிக்கிட்டு, திரும்ப எடுப்பாரு. வேட்டு இல்லன்னா ஏன் நிறுத்தினாருன்னு தெரியாது" என்றார். வைத்துவிட்டோம்.

18 கேசட் முடிந்தது. நாலு இன்னும் என் அலமாரியில். அவை சுவாமி புறப்பாட்டில் வண்டி ஜெனரேட்டரில் மைக்செட் ஓடியபோது பதிந்தவை. ஹம் ஒரு கணம் 47, மறுகணம் 52 என்று ஆடுகிறது, அதை நம்ப முடியாது. கூட்டத்துச் சத்தத்தில் சுதிப்பெட்டியின் கோடும் தெரியவில்லை. தெளிவாகக் கேட்பது தாளம் மட்டும்தான். வெண்கலம் சீவாளி மாதிரி நாளுக்கு நாள் மாறாது. அதே ஜோடித் தாளம் கிடைத்து, ஒரு தட்டுத் தட்டிப் பதிந்துகொண்டால் அதையே அளவுகோலாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். கஜாவில் எது எங்கே போனதென்று தெரியாது, அம்மாவிடம் கேட்டுப் பரணில் தேடச் சொல்கிறேன் என்று மகன் போனில் சொல்லியிருக்கிறார்.